பின்பக்கம் பார்த்த அறை

“பின்பக்கம் பார்த்த ரூம்தாம்மா வேணும். அதுவும் ரெண்டாவது மாடியில.”

பெயின்டர் மறுபடியும் அதையே சொன்னார். முன்பதிவு மேசையில் இருந்த பெண் மறுபடியும் குழம்பினாள்.

அவள் அந்தப் பயண அலுவலகத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் மேலாளருக்கு அவளைக் கண்டாலே ஆகாமல் போய்விட்டது. வருகிறவர் தலையில் பெரிய பேக்கேஜாகப் பார்த்துக் கட்டி அனுப்புவதுதான் அங்கே வேலை. இவளோ எதிரில் இருப்பவரின் பர்ஸைத் தன் பர்ஸாக நினைத்துக்கொண்டு, எந்தக் கிழமை போனால் மலிவு, எதோடு எது இலவசம் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்துவிடுவாள். இன்னொரு தடவை வெறும் ரூமை மட்டும் விற்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

பெயின்டரும் அவர் மனைவியும் கேட்டது சின்ன விஷயம்தான். பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஹோட்டலில் ஒரே ஓர் இரவு தங்க வேண்டும். ரப்பர் பேண்டு போட்ட பணத்தை மேசையில் வைத்து, இதற்குள் முடித்துக் கொடுக்கச் சொன்னார். அவர் நகக்கண்ணில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதில் ஒரு காசுகூட வீணாகக் கூடாது என்று அவள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள்.

“செவ்வாய்க்கிழமை போங்க சார். பாட்டு, டான்ஸ், வேஷம் எதுவும் இருக்காது. ஆனா ரூம் பாதி விலைதான்.”

“ஞாயித்துக்கிழமைதாம்மா போகணும்.”

“அன்னைக்குக் கால் வைக்க இடம் இருக்காது சார். விலையும் கையைக் கடிக்கும்.”

“பரவாயில்ல. கூட்டம் இருக்கட்டும்.”

கூட்டத்துக்காகக் கூடுதலாகக் காசு கொடுக்கிறவரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். போகட்டும் என்று அடுத்ததற்குத் தாவினாள். இந்த வாரம் ஏரியைப் பார்த்த அறையும் அதே விலைக்குக் கிடைக்கிறது என்றாள். வேண்டாம் என்றார். அறையோடு சேர்த்து எடுத்தால் பூங்கா டிக்கெட் பாதி விலை என்றாள். டிக்கெட்டே வேண்டாம் என்றார். பூங்காவுக்குள் போகாதவர்களுக்கு அந்த ஹோட்டல் எதற்கு, வெளியே கால்வாசி விலையில் சுத்தமான அறை இருக்கிறதே என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் தலையாட்டி மறுத்தார். காலைச் சாப்பாட்டை மட்டும் விலையில் கழித்துவிடச் சொன்னார். வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுபோவார்களாம்.

இந்த மனிதர் கஞ்சரா, ஊதாரியா என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

“பின்பக்கம் எப்படி இருக்கும்னு தெரியுமா சார்?”

“தெரியும்மா. எங்க பக்கத்து வீட்டுக்காரர் போன மாசம் குடும்பத்தோட அங்கதான் தங்கினார். ஜன்னலைத் திறந்தா, வேலை பாக்குறவங்க உக்காந்து சாப்பிடுற இடம்தான் தெரியுதாம். வந்து ஒரே புலம்பல்.”

“அப்புறமும் ஏன் சார்?”

“அவர் தங்கின அதே ரூம் கிடைக்குமாம்மா?”

அவளுக்குத் தலை சுற்றியது. பெயின்டரின் மனைவி இதில் எதிலும் கலந்துகொள்ளாமல் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பூங்காவில் கரடி வேஷம் போட்டவரைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை சிரிக்கிற படம். பேரனா என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தையாம்.

வழி கிடைத்துவிட்டது என்று அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். “கரடியோட படம் எடுத்துக்கணுமாம்மா? அதுக்குக் காசே இல்ல. ஹோட்டல்ல சொன்னா ரூமுக்கே வந்து தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கும்.”

அந்த அம்மாள் பதறிப்போனார். “வேணாம்மா, கிட்ட வர வேணாம். அப்படி எதுவும் சொல்லி வெச்சுடாத.”

பஞ்சடைத்த கரடிக்கு இவ்வளவு பயமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அதற்கு மேல் போராட அவளிடம் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது மாடி, பின்பக்கம், டிக்கெட் இல்லை, சாப்பாடு இல்லை என்று பதிவு செய்து முடித்தாள். கண்ணாடி அறையில் மேலாளர் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பது தெரிந்தது. வேலை போனாலும் போகட்டும், இதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது என்று தோன்றியது.

“தப்பா நினைக்காதீங்க சார். எல்லாரும் வேணாம்னு ஓடுற ரூமுக்கு ஏன் இவ்வளவு காசு கொட்டுறீங்க?”

பெயின்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “எங்க பையன் அந்த ஹோட்டல்ல மேனேஜரா இருக்கிறதா சொல்லியிருக்கான்மா. ரெண்டு வருஷமா வீட்டுக்கு வரல. நாங்க வர்றோம்னு சொன்னாலும் வேணாங்கிறான். நேர்ல போய் நின்னா கூசிப் போயிடுவான்.”

அவர் மனைவி கைபேசிப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். குழந்தையின் முகத்தை விலக்கிவிட்டு, கரடி ஒரு காலை இன்னொரு கால் மேல் வைத்து நின்றிருந்த இடத்தில் நிறுத்தினார்.

“சின்னப் பிள்ளையிலேருந்து இப்படித்தாம்மா நிப்பான். சாப்பிடும்போதாவது அந்தத் தலையைக் கழட்டி வைப்பான் இல்ல?”