செவலையின் நாலு கால்

மின்சாரம் போய் அரை மணி நேரமாகிறது. மூன்றாவது மாடிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட லிஃப்டுக்குள் கணவனும் மனைவியும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். கதவின் மேல் இடுக்கில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம்; அதில் வாட்ச்மேனின் செருப்பு மட்டும் தெரிகிறது. கணவன் பந்தயக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன். அவள் அதே லாயத்தில் மருந்து கட்டுபவள். இருவருக்கும் செல்லமான செவலைக் குதிரை, கால் காயம் ஆறி, இன்றுதான் மறுபடி ஓடுகிறது; அதைப் பார்க்கத்தான் கிளம்பினார்கள். அந்தக் கால் திரும்பவும் விட்டுப்போனால் அதன் கதை அவ்வளவுதான். “சீவி முடிக்க உனக்கு ஒரு மணி நேரம்” என்கிறான் அவன். “நீங்க கண்ணாடியை விட்டு நகந்தீங்களாக்கும்!” என்கிறாள் அவள். குளித்தும் போகாத மருந்தெண்ணெய் வாசனை இருவர் மீதும் அடிக்கிறது. “பந்தயம்னாலே பாவம்மா. இருந்தாலும் பாத்துச் சொல்றேன்” என்று வாட்ச்மேன் தன் போனைத் திறக்கிறார். “குதிரையெல்லாம் கிளம்பிடுச்சு!” அவள் விரல்கள் அவன் மணிக்கட்டில் குளம்படியாய்த் தாளமிடுகின்றன. “செவலை எங்க ஐயா?” “கடைசியா வந்துச்சும்மா.” தாளம் நிற்கிறது. “நடக்குதா?” “நாலு காலும் ஊனி ஜோரா நடக்குது. இழுத்துட்டுப் போறவருதான் நொண்டுறாரு.” அவள் சிரிக்கப் போய் அழுதுவிடுகிறாள். கதவு திறக்கவில்லை. மேலே, முட்டி வலியோடு முனகிக்கொண்டு வாட்ச்மேன் தரையில் குப்புறப் படுத்து, போனை இடுக்கில் திருப்பிப் பிடிக்கிறார். அந்த விரல் அகல வெளிச்சத்துக்குள் செவலை மெதுவாக நடந்து போகிறது.