கிசுகிசுப்பாக ஒரு பாடம்

விஜிலா கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள்: இன்று இந்த வகுப்பில் யாரும் கிசுகிசுப்புக்கு மேலே பேசக் கூடாது.

அதன் கீழே இன்னொரு வரி. என் தொண்டைக்கு உள்ள சட்டம் இன்றைக்கு உங்களுக்கும்.

முதலாம் ஆண்டு வணிகவியல் பிள்ளைகள் சிரித்தார்கள். அதையும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார்கள்.

தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் போய், இந்தப் பருவம் முழுக்க அவள் கிசுகிசுப்பிலேயே ஆங்கிலம் நடத்தியிருந்தாள். காற்றடிக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்தினால்தான் முன் பெஞ்சுக்கே கேட்கும்.

காலையில் துறைத்தலைவர் தேவமணி கூப்பிட்டுச் சொன்னார். "திங்கக்கிழமையில இருந்து ஷெர்லின் இந்த வகுப்ப எடுக்கட்டும்மா. தொண்டையப் போட்டு வதைக்காதீங்க."

ஷெர்லின் புதிதாகச் சேர்ந்தவள். கணீரென்ற குரல்.

"இன்னைக்கு ஒரு வகுப்பு மட்டும் குடுங்க சார்," என்று விஜிலா கிசுகிசுத்தாள்.

சரி என்றவர், தானும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

விஜிலாவின் கண் அவர்மேல் இல்லை. ஜன்னலோரம் இருந்த பானுப்ரியாமேல் இருந்தது.

எழுதச் சொன்னால் அந்த வகுப்பிலேயே அழகாக எழுதுகிற பெண். முதல் வாரம் ஒரு பத்தியை வாசிக்க எழுந்தாள். குரல் நடுங்கியது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அப்படியே உட்கார்ந்தவள்தான், அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசவில்லை.

பருவ முடிவில் பேச்சுத் தேர்வு இருந்தது. போன வாரம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று சொன்னாள். "எனக்கு வராது மிஸ். படிப்ப நிறுத்திட்டு சாத்தான்குளத்துல அப்பா கடையிலயே இருந்துக்கிடுதேன்."

அந்தச் சனிக்கிழமை விஜிலா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாடத்தை யோசித்தாள். எளிய ஆங்கிலத்தில் தானே ஒரு கதை எழுதினாள். வெங்காயம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணி நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய்க் கிடக்கிறது.

கதையை நான்கு துண்டாக வெட்டினாள். நான்கு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. அடுத்தவருக்குக் காட்டக் கூடாது, வாசித்துத்தான் சொல்ல வேண்டும். நான்கு பேரும் வாய் திறந்தால்தான் கதை வரிசைக்கு வரும். முடிவை அவள் எழுதவில்லை. அதைக் குழு பேசித் தீர்மானித்து எழுத வேண்டும்.

கணவன் ராஜதுரையிடம் ஒரு துண்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அந்தப் பிள்ள அப்பவும் பேசலன்னா என்ன செய்வ?" என்றான் ராஜதுரை.

வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்கு அந்தக் கிசுகிசுப்பு விதி தோன்றியது. நடுங்குவதற்குக் குரல் வேண்டும். கிசுகிசுப்பில் குரலே இல்லை.

இப்போது வகுப்பு முழுவதும் தலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. காய்ந்த ஓலை உரசுவது போல ஒரு சத்தம் அறையில் ஓடியது.

பானுப்ரியாவின் குழுவில் மூன்று பேர் வாசித்து முடித்துவிட்டார்கள். அவள் தன் துண்டை மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

விஜிலா பக்கத்தில் போகவில்லை. போகாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

எதிரே இருந்த மாடக்கண்ணு குனிந்து சொன்னான். "ஒன் சீட்டு இல்லாம தோணி நகராதுளா. படி."

அவள் உதடு அசைந்தது.

கேட்கவில்லை என்று மூன்று பேரும் கையை ஆட்டினார்கள். மறுபடி வாசித்தாள். ஒரு சொல்லுக்கு மாடக்கண்ணு அர்த்தம் கேட்டான். சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் துண்டைப் பொருத்துவதிலேயே அவரவர் கவனம் இருந்தது.

முடிவு எழுதும் நேரத்தில்தான் சண்டை வந்தது. கப்பல் ஒன்று வந்து தோணியைக் கட்டி இழுத்துப் போகும் என்று மாடக்கண்ணு எழுதப் போனான். பானுப்ரியா அவன் பேனாவைப் பிடித்தாள்.

"நோ, நோ! தே ஹேவ் எ ஸெயில்! தி விண்ட் வில் கம்!"

பாய் இருக்கிறது, காற்று வரும் என்று அவள் சொன்னது வராந்தா வரைக்கும் கேட்டது.

"உஷ்ஷ்!" என்று வகுப்பே அவளை அதட்டியது.

பானுப்ரியா திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தாள். சத்தம் போட்டது தான்தான் என்று புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

விஜிலா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். துடைக்க ஒன்றுமில்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் துடைத்தாள்.

மணி அடித்தது. கடைசியாகப் போன பானுப்ரியா வாசலில் நின்று, "தேர்வுக்குப் பேர் குடுத்துட்டுப் போறேன் மிஸ்," என்றாள்.

வராந்தாவில் தேவமணி காத்திருந்தார். "ஷெர்லினுக்கு வேற வகுப்பு பாத்துக்கிடுவோம். இத நீங்களே எடுங்கம்மா. குரல் வரும்போது வரட்டும்."

"ரொம்ப நன்றி சார்," என்றாள் விஜிலா.

வராந்தாவின் அந்தக் கோடியில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு தெளிவான, முழுக் குரல்.

தேவமணி அசந்துபோனார். "எப்பம்மா வந்துச்சு?"

"போன ஞாயித்துக்கிழமையே வந்துட்டு சார்."

"எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா சந்தோசத்துல எல்லார்ட்டயும் சொல்லிருவீங்க," என்று சிரித்தாள் விஜிலா. "பானுப்ரியா வாயத் தொறக்கதுக்கு முன்னால நான் எப்படி சார் தொறக்கது?"