ஒளிராத டி-ஷர்ட்

சினிமா ஹீரோவிலிருந்து கல்யாண மாப்பிள்ளை வரை எல்லோருக்கும் இப்போது 'படிப்ஸ்' டி-ஷர்ட்தான் வேண்டும். போட்டிருப்பவருக்குப் புரிந்தால் மட்டுமே மார்பிலுள்ள கணிதச் சூத்திரம் நீலமாக ஒளிரும். இல்லாவிட்டால் அது வெறும் கறுப்புத் துணி. அதனால் ஒவ்வொரு டிசைனையும் ஏற்றுமதிக்கு முன் போட்டுப் பார்ப்பதற்கென்றே திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று, எம்.எஸ்சி. படித்த பிரணவை வேலைக்கு வைத்திருந்தது.

அன்று புது டிசைன் அவன் மேல் ஒளிரவில்லை. நாலைந்து மாற்றிப் பார்த்தான்.

"நூல்லயே கோளாறு சார்," என்றான்.

சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். மேனேஜர் கனகராஜுக்கு வியர்த்துக் கொட்டியது. "மொத்த லாட்டையும் கழிச்சுப் போடுங்க!" என்று கத்தினார்.

நூல் பிசிறு வெட்டும் தில்ஷாத் கையிலிருந்த கத்தரியை மேஜையில் வைத்தாள். ஒரு மாதமாக அந்தச் சூத்திரத்தின் மேல்தான் அவள் கத்தரி ஊர்ந்துகொண்டிருந்தது. அப்படி என்னதான் சொல்கிறது என்று மனசு குடைய, டீ நேரமெல்லாம் போனில் பாடம் கேட்டாள். நேற்று பஸ்ஸில் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அந்தக் குஷியில் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே கோட்டைவிட்டாள்.

"நான் ஒருக்கா போட்டுப் பாக்கட்டுங்களா சார்?"

யாரோ சிரித்தார்கள். அவள் சுடிதாருக்கு மேலேயே மாட்டினாள். கழுத்து வழியாகத் தலையை வெளியே எடுப்பதற்குள் மேஜை, கத்தரி, கனகராஜின் மூக்குக்கண்ணாடி எல்லாம் நீலமாகிவிட்டன.

"துணியில ஒரு கோளாறும் இல்லீங்க சார்!" என்றாள் தில்ஷாத், மூச்சு வாங்க.

எல்லோரும் பிரணவின் மார்பைப் பார்த்தார்கள். அது இன்னும் கறுப்பாகவே இருந்தது.