கம்பி நுனியில் ஒரு தக்காளி
அரராத் மலையின் பனி சிவக்கிறது. முற்றத்தில் திராட்சைச் சுள்ளி எரிந்து கங்காகிறது. சாத்தெனிக் கூடையில் கைவிட்டு, விதை முற்றாத ஒல்லிக் கத்திரிக்காய்களாக அழுத்திப் பார்த்துப் பொறுக்குகிறாள். கங்கில் சுட, கத்திரிக்காய்க்குத் தனிக் கம்பி, மிளகாய்க்குத் தனி, தக்காளிக்குத் தனி. வேகும் நேரம் வேறல்லவா. கணவன் வாஸ்கென் இதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அழகுக்கென்று கத்திரிக்காய்க் கம்பியின் நுனியில் ஒரு தக்காளியைச் செருகுவான், அது குழைந்து நெருப்பில் விழும், அவள் திட்டுவாள். அவன் இல்லாத முதல் கோடை இது. கடைசிக் கத்திரிக்காய்க் கம்பியின் நுனியில் அவளே ஒரு தக்காளியைச் செருகிக் கொழுந்தனிடம் நீட்டுகிறாள். "என்ன அண்ணி, இது விழுந்துடுமே!" "விழட்டும் ராஃபிக், நீ வை." தோல் சுருங்கி, சாறு சொட்டி, தக்காளி நழுவிக் கங்கில் 'சொய்'யென்று விழுகிறது. "பாழாப்போன மனுஷா, எத்தனை தடவைதான் சொல்றது!" என்கிறாள் சாத்தெனிக், எழும்பும் புகையைப் பார்த்து.