யானை பாலம் தாண்டியதா?

ஒரு விடுகதை. ஒரே யானை, ஒரே மலை, ஒரே பாலம். ஒருவர் ஆடினால் யானை பாலம் தாண்டிக் குட்டியோடு சேர்ந்துவிடுகிறது. இன்னொருவர் ஆடினால் பாலம் முறிந்து யானை பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. இரண்டில் எது உண்மையான முடிவு?

அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். போடியில் இந்தக் கேள்வியால் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

யானை இருந்தது ஏலக்காய் வியாபாரி மஸ்தான் வீட்டு டி.வி.க்குள். அது எண்பத்தெட்டாம் வருஷம். துபாயிலிருந்து வந்த தம்பி அப்துல் அஜீஸ், டி.வி.யில் மாட்டி விளையாடுகிற பெட்டி ஒன்றை அண்ணன் மகள் ருக்கையாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா மெஹ்ராஜ் பாடப் புத்தகத்தை நீட்டிவிடுவாள். ருக்கையா ஒரு தடவைகூடப் பாலம்வரை போனதில்லை.

போனவர்கள் இரண்டு பெரியவர்கள். மலைத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர் ஒச்சப்பன் ஒருவர். தேவாரம் ஊரில் வாழைத்தோட்டம் வைத்திருந்த வெள்ளைத்துரை இன்னொருவர். ருக்கையா பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, சோலியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒச்சப்பன் மகள் பொன்னுமணியை வெள்ளைத்துரை மகன் காமராஜுக்குப் பேசி முடித்து வைத்தவரே மஸ்தான்தான். புதன்கிழமை பரிசம் போடுவதாக ஏற்பாடு.

விளையாட்டு சுலபமானது. யானை மலையேறும். வழியெல்லாம் வாழைப்பழம் தொங்கும். தொடாமல் போனால் பாலம் தாங்கும். எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனால் முறியும்.

ஒச்சப்பன் ஒரு பழத்தையும் தொடமாட்டார். மலைப்பாதை வளைவில் ஒருமுறை நிஜ யானை ஒதுங்கி நின்று அவர் ஜீப்புக்கு வழிவிட்டதாம். அன்றிலிருந்து யானையைப் பற்றிச் சொந்தக்காரர் மாதிரிதான் பேசுவார். குட்டியோடு சேர்வதுதான் கதை, விழுவதெல்லாம் ஆடத் தெரியாதவன் கைக்கோளாறு என்பது அவர் கட்சி.

வெள்ளைத்துரை ஒரு பழம் விடமாட்டார். போன வருஷம் குலை தள்ளி நின்ற அவர் தோட்டத்தை நிஜ யானைகள் மிதித்துத் தீர்த்துவிட்டுப் போயிருந்தன. தகரத்தைத் தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம். டி.வி.யில் பாலம் முறியும்போதெல்லாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். தின்ற யானை விழுவதுதான் நியாயமான முடிவாம்.

பேச்சு தடித்தது.

"குட்டிய ஆத்தாகிட்டச் சேரவிடாத வீட்டுக்கு எம்புள்ளைய எப்படிக் குடுக்க?" என்றார் ஒச்சப்பன்.

"யானைக்கு வக்காலத்து வாங்குறவரோட சம்பந்தம் வச்சா, பந்தியில யானைக்கும் சேர்த்துல்ல இலை போடணும்," என்றார் வெள்ளைத்துரை.

அதோடு இருவரும் முகம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். பரிசத்துக்கு எடுத்த சேலை பிரிக்காமல் கிடந்தது. இரண்டு வீட்டுக்கும் வாக்குக் கொடுத்தவர் மஸ்தான். யானையால் கல்யாணம் நின்றது என்று வெளியே சொல்லத்தான் முடியுமா?

கடைசியில் ஒரு வழி சொன்னார். ருக்கையா யார் கட்சியிலும் சேராதவள். ஞாயிற்றுக்கிழமை அவள் ஆடட்டும். அவள் ஆட்டத்தில் எது வருகிறதோ அதுதான் முடிவு. பழத்தைப் பற்றி யாரும் அவளிடம் வாய் திறக்கக் கூடாது. இருவரும் சரி என்றார்கள்.

ஞாயிறு மதியம். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் டி.வி.க்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். வெள்ளைத்துரை அவர் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல், பின்னால் சுவரோரம் பிளக்குப் பெட்டிக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

முதல் பழம் வந்தது. ருக்கையா யானையைத் தின்ன வைத்தாள்.

"ஆத்தா, அது எதுக்கு..." என்று ஒச்சப்பன் இழுத்தார். மஸ்தான் முறைத்தார்.

"மலையேறுதுல்ல மாமா, பசிக்கும்," என்றாள் ருக்கையா.

இரண்டாவது பழத்தையும் கொடுத்தாள். மூன்றாவது எட்டவில்லை. திரும்பி வந்து, யானையைக் குதிக்க வைத்துக் கொடுத்தாள். வெள்ளைத்துரைகூட இத்தனை கவனமாக ஊட்டியதில்லை. அவர் முகம் மலர்ந்தது. துண்டைக் கையில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

மலையுச்சி வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் குட்டி தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு நின்றது. ருக்கையா எழுந்து நின்றுவிட்டாள்.

"அழாத, இந்தா உங்கம்மா வந்துருச்சு," என்று குட்டிக்குச் சொன்னாள்.

யானை பாலத்தில் கால் வைத்தது. பலகை வளைந்தது. ஒச்சப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

டி.வி. பொசுக்கென்று அணைந்தது.

"பாழாப்போன கரண்டு, நேரம் பார்த்துப் போகுது பாருங்க," என்று முதலில் பேசியவர் வெள்ளைத்துரைதான்.

மஸ்தான் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. திரும்பிப் பார்த்தார். வெள்ளைத்துரை மடியில் சுருட்டிப் பிடித்திருந்த துண்டுக்குள்ளிருந்து டி.வி. ஒயர் தொங்கியது.

ஒச்சப்பன் கண்ணைத் திறந்து இருண்ட டி.வி.யையே உற்றுப் பார்த்தார். "விழுந்துருச்சா, சேர்ந்துருச்சா?"

மஸ்தான் ருக்கையா பக்கம் திரும்பினார். "ஆடுனது நீதானம்மா. நீயே சொல்லு. எது முடிவு?"

ருக்கையா துண்டைப் பார்த்தாள். வெள்ளைத்துரையின் வேர்த்துப்போன முகத்தைப் பார்த்தாள்.

கரண்டு போனதுதான் முடிவு என்றாள்.