நிறம் மாறாத வெள்ளி

ஆய்வுக்கூடத்து மேசையில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் தண்ணீர்போலத் தெளிந்த வெள்ளிக் கரைசல். மேலேயிருந்து குப்பைமேனி இலைச் சாறு சொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளியோ கலக்க மறுத்து விறைப்பாக நின்றது.

ஜன்னலுக்கு வெளியே, வயிறு நிறையக் குடற்புழுவோடு ஓர் ஆடு எழ முடியாமல் கிடந்தது.

"குப்பையில் முளைத்தவள் நீ. உன்னோடு சேர்ந்தால் என் நிறம் என்னாவது?" என்றது வெள்ளி.

"கடுங்காப்பி மாதிரி ஆகிவிடுவாய், அக்கா" என்று சிரித்தது சாறு. "ஆனால் தனியாகப் போனால் நீ ஆட்டின் குடலையே சுட்டுவிடுவாய். நான் தனியாகப் போனால் புழுக்கள் என்னைக் குடித்துவிட்டு ஏப்பம் விடும்."

"அதற்காக நான் கறுத்துப்போக வேண்டுமா?"

அப்போது ஆடு கத்த வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

வெள்ளி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த சொட்டு விழுந்தபோது அது விலகவில்லை. மெல்லப் பழுப்பாகி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்ந்து சாற்றோடு கலந்தது.

அந்தக் கலவையே மருந்தாகி ஆட்டின் வயிற்றுக்குள் போனது. சில நாட்களில் புழுக்கள் செத்து வெளியேறின. ஒரு காலையில் ஆடு எழுந்து நின்று உரக்கக் கத்தியது.

குடுவையில் மீந்திருந்த வெள்ளி பரபரத்தது. "நம்மைப் பற்றித்தானே ஏதோ சொல்கிறது?"

சாறு காது கொடுத்துக் கேட்டது.

"பசிக்கிறதாம், அக்கா."