ஒரு குறையும் இல்லாத இடம்

“நாத்தம் குடலைப் புரட்டுது. முதல்ல இதை மூடு” என்றார் முதலாளி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு.

மூடுவதற்கு அங்கே சாக்கடையும் இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை. டிசைனரின் கணினித் திரையில் ஒரு லாட்ஜின் இணையப் பக்கம் திறந்திருந்தது, அவ்வளவுதான். தங்கிவிட்டுப் போனவர்கள் அதன் அடியில் வயிறெரிந்து எழுதியிருந்தார்கள். தலையணையில் யாருடையதோ முடி, மெத்தையில் மூட்டைப்பூச்சி, குளியலறையில் முந்தைய ஆள் விட்டுப்போன பிளாஸ்திரி.

முதலாளிக்கு அழுக்கு என்றாலே ஆகாது. யாராவது கை கொடுத்தால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு, நேராகப் போய்க் கழுவுவார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘சோப்பு’ என்று பெயர். இப்படிப்பட்ட மனிதர், மெத்தையை மாற்றய்யா என்று லாட்ஜ்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல், எல்லாவற்றையும் மறைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஒவ்வொன்றாக அழித்துவிடட்டுமா என்று டிசைனர் கேட்டாள். இன்றைக்கு அழித்தால் நாளைக்கு இன்னொருத்தன் வந்து எழுதுவான், வேறு வேலையில்லாமல் அழித்துக்கொண்டே இருப்பாயா என்றார்.

“ஸ்டைல் ஷீட்ல ஒரு வரி போடு. மூணு ஸ்டாருக்குக் குறைவா எவன் எழுதினாலும் கண்ணுல படக் கூடாது.”

ஸ்டைல் ஷீட் என்பது இணையப் பக்கத்துக்கு உடுப்பு மாதிரி. எந்த எழுத்துக்கு என்ன நிறம், எது பெரிது, எது வெளியே தெரியவே கூடாது என்பதையெல்லாம் அந்த ஃபைல்தான் சொல்லும். ஆளுக்கொன்று எழுதினால் வேலை இழுக்கும் என்று, இணையப் பக்கங்கள் செய்து தரும் அந்த அலுவலகத்தில் எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்துப் பொதுவாக ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தார்கள். ஏஜெண்ட் மூலமாக மூட்டை மூட்டையாக வந்து, யாருடையது என்று முதலாளி எட்டிக்கூடப் பார்க்காத பக்கங்களும் அதில்தான் ஓடின. எதைத் திறந்தாலும் அதே ஓரம் வளைந்த பச்சைப் பொத்தான்தான். பொத்தான் பச்சையா நீலமா என்று முதலாளிக்குத் தெரியாது, வேலை முடிந்தால் சரி.

“லாட்ஜுக்கு மட்டும் தனியாப் போட்டுடட்டுமா சார்?”

“பொதுவுலயே போடும்மா. குறையை மறைச்சா வேணாம்னு எந்தக் கஸ்டமர் சொல்லப் போறான்?”

மூட்டைப்பூச்சியைவிட இந்த ஆளைப் பார்க்கத்தான் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வேலையை விட முடியாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியைச் சேர்த்தாள். லாட்ஜ் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. அருமையான சேவை என்று எழுதிய இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள், அதில் ஒருவர் லாட்ஜ்காரரின் மைத்துனர்.

முதலாளி திருப்தியாகக் கை கழுவப் போனார்.

அடுத்த மாதம் அவருடைய அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையானார். புரட்டிவிடவும் துடைத்துவிடவும் கூடவே ஆள் வேண்டும். அம்மா என்றால் முதலாளிக்கு உயிர், ஆனால் படுக்கை விரிப்பை மாற்றப் போய் அங்கேயே வாந்தி எடுத்துவிட்டார். தன்னால் தனியாக முடியாது என்று அவர் மனைவியும் சொல்லிவிட, நல்ல முதியோர் இல்லமாகத் தேட ஆரம்பித்தார்.

அலுவலகத்தில் உட்கார்ந்து அதே வேலைதான். முதியோர் இல்லங்களின் பக்கங்களைத் திறப்பார், நேராக அடிக்குப் போய்க் குறைகளைப் படிப்பார், முகத்தைச் சுளித்துக்கொண்டு மூடுவார். ஓரிடத்தில் முதுகுப் புண்ணில் ஈ மொய்த்ததாம். இன்னோரிடத்தில் நனைந்த துணியோடு ராத்திரி முழுக்கப் போட்டு வைத்திருந்தார்களாம். சீ, இவனுங்கல்லாம் மனுசனுங்களா என்று எல்லோருக்கும் கேட்கும்படி திட்டுவார். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து அடுத்ததைத் திறப்பார்.

ஒருநாள் காலை சிரித்த முகமாக வந்தார். அம்மாவைச் சேர்த்தாகிவிட்டது என்று டிசைனரின் மேஜைக்கே வந்து, அந்த இல்லத்தின் பக்கத்தைத் திறந்து போனை நீட்டினார்.

“எத்தனையோ இடம் பார்த்துட்டேன். இது ஒண்ணுலதான் ஒரு குறைகூட இல்ல. அவ்வளவு சுத்தம்.”

அம்மாதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறார் என்று அலுத்துக்கொண்டார். விடிந்ததும் போன் போட்டு ஒரே அழுகையாம். அறையில் நாற்றம் தாங்கவில்லை, கூப்பிட்டால் யாரும் வருவதில்லை, முதுகு எரிகிறது, வந்து கூட்டிக்கொண்டு போ என்று கெஞ்சினாராம். வயசானால் எல்லாமே குறையாகத்தான் தெரியும் என்றார்.

“இத்தனை பேர் இருந்திருக்காங்க, ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லல, உனக்கு மட்டும் என்னம்மான்னு கேட்டுட்டு வெச்சுட்டேன்.”

டிசைனர் போனை வாங்கினாள். முதலில் பச்சைப் பொத்தான் கண்ணில் பட்டது. எந்தப் பச்சை கண்ணை உறுத்தாது என்று அவளே ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டிப் பிடித்த பச்சை அது. அடிக்குப் போய்ப் பார்த்தாள். அருமை, மிக அருமை என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள், அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

“என்னம்மா, நல்ல இடம்தானே?”

“இதுவும் நம்ம ஸ்டைல் ஷீட்லதான் சார் ஓடுது.”